கொள்கலத்திற்குள் ஓர் உலகம்

சென்ற பொங்கலுக்கு முந்திய இரவு, நம் விடுதித் தமிழ் மாணவர் பதினொருவர் ஐந்து மாதமாகப் பாடுபட்டுக் கட்டிய ஓர் ஊரை நான் ஒரே கட்டளையில் அழித்துவிட்டேன். ஊர் என்றதும் பதற வேண்டாம். கணிப்பொறி விளையாட்டிலே கட்டிய ஊர்தான். ஆனால் அன்றிரவு என் அறைக்கு வந்து நின்ற நண்பர்களின் முகங்களைப் பார்த்திருந்தால், உண்மை ஊருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றே நீங்களும் சொல்லியிருப்பீர்கள். எப்படி அழிந்தது, அழியாமலிருக்க என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் கேட்டார். தண்டனையாகக் கேட்டாரா, மலருக்குப் பக்கம் நிரம்பவில்லையென்று கேட்டாரா, நான் விசாரிக்கவில்லை. இப்போது விடுதியில் இன்னும் இரண்டு குழுக்கள் இதே வேலையில் இறங்கியிருப்பதாகக் கேள்வி. அவர்களுக்காகவாவது எழுதத்தான் வேண்டும்.

முதலில் விளையாட்டைப் பற்றி. அதன் பெயர் லுவாண்டி. 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயருடன் தொடங்கி, 2024 அக்டோபரில் இந்தப் புதுப்பெயரைச் சூட்டிக்கொண்டது. அதில் வரும் உலகம் முழுவதும் கட்டைகளால் ஆனது. மண் கட்டை, கல் கட்டை, மரக் கட்டை, தண்ணீரும் கட்டைதான். பெயர்த்து எடுக்கலாம், வேறோர் இடத்தில் அடுக்கலாம். எந்தத் திசையில் நடந்தாலும் ஏறக்குறைய 31,000 கட்டைத் தொலைவு வரை நிலம் விரிந்துகொண்டே போகும். இதே வகையில் பெரும்புகழ் பெற்ற மைன்கிராஃப்டை ஒவ்வொருவரும் விலை கொடுத்து வாங்க வேண்டும். லுவாண்டி கட்டற்ற மென்பொருள், காசு வேண்டியதில்லை. மாதக் கடைசியில் மெஸ் பாக்கிக்கே விழி பிதுங்கும் நமக்கு எது ஏற்றது என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகஸ்டில் தொடங்கினோம். நெல்லை நண்பர் ஒரு தேரடி அமைத்தார். நாகர்கோயில் நண்பர் ஒருவர் தென்னந்தோப்பு போட்டார். அந்த விளையாட்டில் தென்னை கிடையாது, ஆகவே வேறு மரத்தையே தென்னை என்று நாங்கள் ஒப்புக்கொண்டோம். நான் ஒரு பேருந்து நிலையமும் அதன் ஓரத்தில் ஒரு தேநீர்க் கடையும் கட்டினேன். எல்லாவற்றிலும் சிறந்தது இறுதியாண்டு படித்த மதுரை அண்ணன் எழுப்பிய தெப்பக்குளம். வண்டியூர்த் தெப்பக்குளத்தை மனத்தில் வைத்து, நான்கு கரையிலும் படிகளும், நடுவிலே மைய மண்டபமுமாகக் கட்டினார். படிகளின் எண்ணிக்கையில் ஐயம் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் தந்தையாரையே குளக்கரைக்கு அனுப்பி எண்ணச் சொன்னார் என்றால் அவருடைய சிரத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் இறுதியில் ஆறு மாதப் பயிற்சிக்காக அவர் பெங்களூர் சென்றுவிட்டார். வடநாட்டில் நமக்குப் பொங்கல் விடுமுறை ஏது? அன்றிரவு அந்தக் குளக்கரையில் எல்லோரும் கூடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

பலர் ஒரே உலகத்தில் நடமாட வேண்டுமானால், அந்த உலகம் யாராவது ஒருவருடைய கணிப்பொறியில் இடைவிடாது இருக்க வேண்டும். அந்தக் கணிப்பொறியில் ஓடும் நிரலே சர்வர். இதற்குத் தமிழ்ச்சொல் உண்டு. ஆனால் உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறுபவரையும் நம்மூரில் சர்வர் என்றுதானே அழைக்கிறோம்? செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுவே. நான் ஒரு கட்டையை வைத்தால், 'வைத்துவிட்டான்' என்று மற்றப் பத்துப் பேருக்கும் ஓடிச் சொல்வதும், அதைக் கணக்கில் எழுதி வைப்பதும் அதன் பணி. ஆகவே சர்வர் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுகிறேன். மாணவர்களுக்கும் இத்தகைய விளையாட்டுகளுக்கும் உள்ள உறவு புதிதன்று. பலர் சேர்ந்து உலாவும் கணிப்பொறி உலகங்களின் மூதாதை என்று சொல்லத்தக்க 'மட்' 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலேதான் பிறந்தது. ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் அதை எழுதினார்கள். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான்.

எங்கள் சர்வர் இருந்தது என் அறையிலுள்ள ஒரு பழைய மேசைக் கணிப்பொறியில். நான்கு ஜிகாபைட் நினைவகம். விசிறி சுழலும் ஓசையில் என் அறைத்தோழர் தூங்கப் பழகிக்கொண்டார். அதே கணிப்பொறியில்தான் மன்றத்தின் பழைய மலர்களின் படங்களும் இருந்தன. அறைத்தோழரின் ஆய்வுக்கூடப் பயிற்சி நிரல்களும் இருந்தன. அவருடைய நிரலுக்குப் பழைய நூலகக் கோப்புகள் வேண்டும். விளையாட்டுக்குப் புதியவை வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று நிற்கும். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும் நிலை வந்தபோதுதான் டாக்கரைக் கையில் எடுத்தோம்.

கண்டெய்னர், அதாவது கொள்கலம் என்பது என்ன? நம்மூர் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே கூரை. ஆனால் நான்கு குடித்தனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. முன்கட்டில் என்ன குழம்பு என்று பின்கட்டுக்குத் தெரியாது, வாசனை வந்தாலன்றி. கணிப்பொறியில் கிணறும் கூரையும் போன்றது லினக்ஸின் கெர்னல், அது ஒன்றே. அதன்மேல் ஓடும் நிரல்களுக்கிடையே சுவர் எழுப்புவதுதான் கொள்கலத்தின் வேலை. உள்ளே இருக்கும் நிரலுக்குத் தன் கோப்புகள் மட்டுமே தெரியும். தன் வலைத்தொடர்பு மட்டுமே தெரியும். தானே இந்தக் கணிப்பொறியின் முதல் நிரல் என்றும் எண்ணிக்கொள்ளும். மெய்நிகர் பொறி என்று சொல்கிறார்களே, அது தனி வீடு கட்டிக் கொடுப்பது. கிணறும் தனியே தோண்ட வேண்டும். காவல் அதிகம், ஆனால் நான்கு ஜிகாபைட் நினைவகத்தில் எத்தனை கிணறு தோண்டுவது?

சுவர் எழுப்பும் கலை டாக்கர் கண்டுபிடித்ததன்று. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் 'சிஹெச்ரூட்' என்ற வசதி வந்தது. அது கோப்புகளுக்கு மட்டும் சுவர். 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' என்றே பெயர் வைத்து முழுச்சுவர் எழுப்பியது. லினக்ஸில் 2002 முதல் 'நேம்ஸ்பேஸ்' என்ற சுவர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தக் குடித்தனம் எத்தனை குடம் தண்ணீர் இறைக்கலாம் என்று அளந்துவிடும் 'சிகுரூப்' 2008 ஜனவரியில் வந்த கெர்னலில் சேர்ந்தது. இவற்றையெல்லாம் பொதுமக்கள் கையாளும்படி ஒரு கட்டளைக்குள் அடக்கித் தந்ததே டாக்கரின் சாதனை. அது வெளியானது 2013 மார்ச்சில். பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை பாரந்தூக்கிக்கு இல்லை. அது எந்தத் துறைமுகத்திலும் ஒரே மாதிரி தூக்கும். மென்பொருளையும் அவ்வாறே தூக்கி வைக்கலாம் என்பது இவர்கள் எண்ணம்.

இனி நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கொள்கலத்துக்கு மூலம் படிமம். இது அச்சு, கொள்கலம் கொழுக்கட்டை. ஒரே அச்சிலிருந்து எத்தனை கொழுக்கட்டையும் எடுக்கலாம், அச்சு மாறுவதில்லை. சரி, மாறாத அச்சிலிருந்து வந்த நிரல் ஒரு கோப்பில் எழுத விரும்பினால்? அங்கேதான் ஒரு தந்திரம். படிமத்தின் மேலே எண்ணெய்த்தாளைப்போல் ஒளி ஊடுருவும் ஓர் அடுக்கைப் போட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள ஓவியம் தெளிவாகத் தெரியும். ஆனால் எழுதுவதெல்லாம் தாளின்மேல் விழும். உள்ளே இருக்கும் நிரலுக்கோ இரண்டும் ஒரே தாளாகத் தோன்றும். கொள்கலத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் தாள் அப்படியே இருக்கும். கொள்கலத்தை நீக்கினால் தாள் குப்பைக்கூடைக்குப் போகும். இது குறையன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பழையதைத் தூக்கியெறிந்து புதியதை வைப்பதற்காகவே கொள்கலம் பிறந்தது.

ஐந்து மாதத்தில் நான் எத்தனையோ முறை சர்வரை நிறுத்தித் தொடங்கியிருக்கிறேன். மின்சாரம் போய் வந்திருக்கிறது. ஊர் ஒருநாளும் குலையவில்லை. ஆகவே ஊர் வட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினேன். இருந்ததும் வட்டில்தான், ஆனால் எண்ணெய்த்தாளின்மேல். பொங்கலுக்கு முந்திய இரவு விளையாட்டின் புதுப் பதிப்பைச் சேர்த்துப் படிமத்தைப் புதிதாகக் கட்டினேன். புதுப் படிமத்திலிருந்து கொள்கலம் எடுக்க வேண்டுமானால் அதே பெயருள்ள பழையதை நீக்க வேண்டும். 'ஆர்எம்' என்று தட்டினேன். ஓடிக்கொண்டிருப்பதை நீக்க முடியாது என்று டாக்கர் தடுத்தது. கட்டாயப்படுத்தும் குறியையும் சேர்த்துத் தட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

புதியதைத் தொடங்கி உள்ளே நுழையப் பார்த்தேன். என் பெயரில் யாரும் பதிவாகவில்லை என்றது. அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் புதுப் பதிப்பின் கிறுக்கு என்று எண்ணிப் புதிதாகப் பதிவு செய்துகொண்டேன். உள்ளே போனால் அதே குன்று, அதே கடற்கரை, அதே புல்வெளி. 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். குன்றைச் சுற்றி இறங்கினேன். குளம் இருந்த இடத்தில் புல் இருந்தது. மண்டபம் இல்லை. தேரடி இல்லை. என் தேநீர்க் கடையும் இல்லை. மனிதர் காலே படாத நிலம்.

குன்று மட்டும் எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. லுவாண்டி தன் நிலத்தை ஒரு வித்து எண்ணிலிருந்து கணக்கிட்டு விளைவிக்கிறது. அதே வித்து, அதே கணக்கு என்றால் அதே குன்று. அந்த எண்ணை நான் அமைப்புக் கோப்பில் எழுதிப் படிமத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆகவே கணக்கினால் பிறந்ததெல்லாம் திரும்பி வந்தது. கையினால் வைத்தது ஒன்றும் வரவில்லை. கடவுச்சொற்களும் உலகத்தின் கோப்புறையிலேயே இருப்பவை, அவையும் போயின. பழைய கொள்கலத்தை நீக்காமல் பெயர் மட்டும் மாற்றி ஓரமாக வைத்திருந்தால், 'சிபி' என்ற கட்டளையால் கோப்புகளை வெளியே எடுத்திருக்கலாம். நீக்கிய பிறகு அந்த வழியும் அடைபட்டது.

செய்திருக்க வேண்டியது ஒரு வரி. உலகம் இருக்கும் கோப்புறையைக் கொள்கலத்துக்கு வெளியே வைத்து, உள்ளே ஒரு சாளரம் திறந்துவிடுவது. கொள்கலத்தைத் தொடங்கும் கட்டளையில் 'வி' என்ற குறியைப் போட்டு, வெளியே உள்ள கோப்புறையின் பாதை, முக்காற்புள்ளி, உள்ளே உள்ள பாதை என்று எழுத வேண்டும். வெளியே உள்ளது இடப்பக்கம், உள்ளே உள்ளது வலப்பக்கம். மாற்றிப் போட்டு விழித்தவர்கள் உண்டு. டாக்கரே வைத்துக் காக்கும் 'வால்யூம்' என்ற பெட்டகத்தையும் பயன்படுத்தலாம். அதிலும் ஓர் எச்சரிக்கை: 'கம்போஸ்' வைத்திருப்பவர்கள் 'டவுன்' கட்டளையுடன் 'வி' சேர்த்துத் தட்டினால் பெட்டகமும் சேர்ந்து போகும். தொடங்கும்போது காப்பாற்றும் அதே எழுத்து, முடிக்கும்போது அழிக்கிறது. இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல?

சாளரம் திறந்தவுடன் இன்னொரு தடங்கல் வரலாம். எழுத அனுமதியில்லை என்று விளையாட்டு முரண்டு பிடிக்கும். கெர்னலுக்கு நம் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். வெளிக் கோப்புறை என் எண்ணுக்கு உரியது. உள்ளே விளையாட்டு ஓடுவது வேறோர் எண்ணில். கோப்புறையை அந்த எண்ணுக்கு உரிமை மாற்றித் தந்தால் தீர்ந்தது. எரிச்சலில் விளையாட்டை நிர்வாகி உரிமையுடன் ஓடவிடாதீர்கள். ஒண்டுக்குடித்தனத்துச் சுவர் மெல்லிய சுவர்.

தொடக்கத்தில் பட்ட வேறொரு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு மாலை வீணாயின. சர்வர் ஓடுகிறது, பதிவேட்டில் பிழையில்லை, ஆனால் யாராலும் நுழைய முடியவில்லை. கொள்கலத்துக்கு வாசல் தானாக இராது. வீட்டின் எந்த வாசல் எண்ணுக்கு வருபவரை எந்தக் குடித்தனத்துக்கு அனுப்புவது என்று 'பி' குறியால் சொல்ல வேண்டும். லுவாண்டியின் வாசல் 30000. அதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் எண் மட்டும் எழுதினால் டாக்கர் டிசிபி என்ற முறைக்கு மட்டுமே வழி விடும். லுவாண்டி பேசுவது யுடிபி முறையில். எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் யுடிபி என்ற மூன்றெழுத்தும் சேர்த்தவுடன் எல்லோரும் உள்ளே வந்தார்கள். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு 25565 என்ற வாசலில் டிசிபி பேசுவதால், அதைப் பார்த்து எழுதிய குறிப்புகளில் இந்தச் சங்கடம் வராது. வாசலைப் பற்றி மற்றொன்று: உபுண்டுவில் 'யுஎஃப்டபிள்யூ' தடுப்புச்சுவர் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இராதீர்கள். டாக்கர் திறக்கும் வாசல் அந்தத் தடுப்பைக் கடந்து போய்விடும்.

நிறுத்துவதிலும் நுட்பம் உண்டு. டாக்கர் நிறுத்தச் சொல்லும்போது முதலில் மரியாதையாக ஒரு குறிப்பு அனுப்புகிறது. பத்து நொடி பொறுக்கிறது. பிறகு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. குறிப்பு போய்ச் சேருவது உள்ளே முதல் எண்ணில் ஓடும் நிரலுக்கு. நான் ஒரு சிறு ஷெல் நிரல் எழுதி, அதிலிருந்து விளையாட்டைத் தொடங்கியிருந்தேன். முதல் எண் அந்த ஷெல்லுக்கு. அது குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டு விளையாட்டிடம் சொல்லவே இல்லை. வீட்டுக்காரரின் கடிதத்தைப் பிரிக்காமல் இறவாணத்தில் செருகிவிடும் ஆளைப்போல. உங்கள் சர்வர் நிற்க ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து நொடி ஆகிறதென்றால் நோய் இதுதான். நிரலின் கடைசி வரிக்கு முன்னால் 'எக்ஸெக்' என்ற சொல்லைச் சேர்த்தால், ஷெல் விலகி விளையாட்டுக்கே முதல் எண் கிடைக்கும்.

நினைவக வரம்பு வைப்பது நல்லது. வைக்காவிட்டால் ஒரு குடித்தனமே கிணற்றை வற்றச் செய்துவிடும். வரம்பைத் தாண்டினால் கெர்னல் நிரலைக் கொன்றுவிடும். 137 என்ற எண்ணுடன் முடிந்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. 128-உடன் கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9 சேர்ந்தது அந்த 137. மைன்கிராஃப்ட் வைப்பவர்கள் ஜாவாவுக்குக் கொடுக்கும் அளவையும் கொள்கலத்தின் வரம்பையும் ஒன்றாக வைத்துவிடக் கூடாது. ஜாவா தனக்கென்று மேலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் மடிக்கணினியில் டாக்கர் போடுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே லினக்ஸ் கெர்னல் கிடையாது, ஆகவே டாக்கர் மறைவாக ஒரு லினக்ஸ் பொறியை ஓடவிட்டு அதற்குள்தான் எல்லாம் செய்கிறது. நினைவகம் போகிற போக்கைப் பார்த்து வியக்க வேண்டாம்.

வெளியே வைத்துவிட்டால் மட்டும் போதாது, வட்டே கெட்டால்? இப்போது நாள்தோறும் காலை நான்கு மணிக்குச் சர்வர் தானே நின்று, உலகக் கோப்புறை நகலெடுக்கப்பட்டு, மீண்டும் தொடங்குகிறது. லுவாண்டி தன் உலகத்தை எஸ்க்யூலைட் கோப்புகளில் வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய பக்கம் நகலில் வந்துவிடக்கூடும். ஆகவேதான் நிறுத்துவது. ஏழு நாள் நகல்கள் இருக்கும். வாரம் ஒன்று அறைத்தோழரின் கணிப்பொறிக்குப் போகும். நகலிலிருந்து உலகத்தை எழுப்ப முடிகிறதா என்று மார்ச்சில் ஒருமுறை செய்தும் பார்த்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் முப்பது நிமிடம் கோப்புறையின் உரிமை எண்ணை நான் மறந்ததற்கு.

அன்றிரவு பெங்களூருக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "படம் ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயாடா?" என்றார். மூன்று படங்கள் இருந்தன. மூன்றும் தென்கரையிலிருந்து எடுத்தவை. பொங்கலன்று குன்றின்மேல் எல்லோரும் கூடி, வெறும் புல்லில் முதல் வரிசைக் கல்லை வைத்தோம். வளாக வலையமைப்புக்கு வெளியிலிருந்து எங்கள் சர்வருக்கு வர அனுமதி இல்லாததால், அண்ணன் கட்டம் போட்ட தாளில் வரைந்து படம் பிடித்து அனுப்புகிறார், நாங்கள் அடுக்குகிறோம். தென்கரையும் கீழ்க்கரையும் முடிந்தன. வடகரைப் படி எத்தனை என்பதில் எங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய தந்தையார் மறுபடியும் எண்ணப் போகிறார்.